கேளாமல் வந்த தவணை

பலெர்மோத் தமிழரின் பத்தொன்பதாவது ஆண்டு விழாவுக்குத் தலைமையேற்று, கண்ணில் கனிவும் சொல்லில் கண்டிப்புமாக வீற்றிருக்கும் மன்றத் தலைவர் கொன்ஸ்ரன்ரைன் ஐயா அவர்களே! கோவிலுக்குப் போகிறவரா தேவாலயத்துக்குப் போகிறவரா என்று கேளாமல் இந்த மண்டபத்தின் கதவைத் திறந்துவிட்ட பங்குத்தந்தை அவர்களே! பகேரியாவிலிருந்து ரயிலேறி, மடியில் பிள்ளையும் பையில் பலகாரமுமாக வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் தாய்மாரே! ஒரேத்தோவின் மாடி வீடுகளில் பிறருடைய பெற்றோரைத் தம் பெற்றோராய்த் தாங்கும் சகோதரிகளே! மொண்டெல்லோ உணவகங்களில் மத்தியான வேலையை முடித்து, சட்டை மாற்றவும் நேரமில்லாமல் ஓடி வந்து பின்னால் நிற்கும் தோழர்களே! உங்கள் அனைவருக்கும் இந்த விக்னராஜாவின் வணக்கம்.

மன்றச் செயலாளர் என்ற முறையில் எனக்கு இன்று தரப்பட்ட தலைப்பு, "கணினி யுகத்தில் கன்னித்தமிழ்". நல்ல தலைப்பு. மூன்று வாரம் இருந்து பதினொரு பக்கம் எழுதினேன். அந்தப் பதினொரு பக்கத்தையும் வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

ஏன் கை தட்டுறியள்? பதினொரு பக்கத்திலையிருந்து தப்பினம் எண்டோ? தட்டுங்கோ, தட்டுங்கோ. இன்னும் கொஞ்ச நேரத்தில் உங்களுக்குத் தட்ட மனம் வராது.

அன்பர்களே, இன்று நான் தமிழைப் புகழ வரவில்லை. தமிழில் ஒரு மனிதரிடம் மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறேன். ஏன், எதற்கு என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

எங்கள் மன்றத்து அறையில் ஒரு கணினி இருக்கிறது. பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க நாள் எடுப்பது அதில். பிள்ளைக்குப் பாடப்புத்தகம் வாங்குவது அதில். ஊருக்குப் போக விமானச்சீட்டுப் பார்ப்பது அதில். அதில் இணையத்தைத் திறக்கும் செயலியைப் பிள்ளைகள் பிரவுசர் என்பார்கள். உலாவி என்று தமிழில் சொல்கிறோம். எவ்வளவு அழகான சொல்! நாம் உலாவுவதற்காக அது. நம்மோடு கூட உலாவி, நம் பைக்குள் கை விடுவதற்காக அல்ல!

அந்த உலாவி ஒருநாள் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டது. நம்மிடம் கேட்டதா? கேட்கவில்லை. புதிதாக என்ன வந்திருக்கிறது என்று சொன்னதா? எங்கேயோ ஒரு மூலையில் எறும்பெழுத்தில் சொல்லியிருந்ததாம். வந்தது என்ன தெரியுமா? தவணை! ஏதாவது கடையின் பக்கத்தில் காசு கட்டப் போனால், கடைக்காரன் வாய் திறக்க முன்னமே உலாவி வாய் திறக்கிறது: "நான்கு தவணையில் கட்டலாமே?" பொருள் விற்பது ஒருவன். கடன் கொடுப்பது இன்னொருவன். இருவருக்கும் நடுவில் நின்று நம் கையைப் பிடித்து இழுப்பது, நாம் பாதை பார்ப்பதற்காக வைத்திருந்த உலாவி!

அந்த உலாவியின்ரை பெயர் என்னவோ? வேண்டாம் தம்பி, பெயர் கேளாதேங்கோ. இண்டைக்கு நான் ஒரு பெயரைப் பிழையாகச் சொன்னதுக்காகத்தான் இஞ்சை நிக்கிறன். இன்னொரு பெயர் சொல்லமாட்டன்.

இப்போது அம்பிகை அக்காவிடம் வருகிறேன். இரண்டாம் வரிசையில், மஞ்சள் சேலையில் இருக்கிறார். எழும்ப வேண்டாம் அக்கா. பதினேழு வருடமாக இந்த நகரத்தில் பிறர் வீட்டுத் தரையைத் துடைத்தவர். கணவர் இல்லாமல் ஒரு மகளை வளர்த்தவர். மகளின் பாடப்புத்தகத்தை எங்கள் மன்றத்துக் கணினியில் வாங்கியபோது, "அடுத்த முறை இலகுவாக இருக்க உங்கள் விபரங்களை வைத்துக்கொள்ளவா?" என்று உலாவி பணிவாகக் கேட்டது. அக்கா ஓம் என்றார். அதுதான் அவர் செய்த ஒரே காரியம்.

சில மாதம் போனது. ஒரேத்தோவில் இரண்டு அறையும் ஒரு பல்கனியும் உள்ள வீடு ஒன்று விலைக்கு வந்தது. வயதான சொந்தக்கார அம்மாவுக்கு அக்காவைப் பிடித்துவிட்டது. "மாதக் கடைசி வரை வேறு யாருக்கும் காட்டமாட்டேன்" என்று சொல்லிவிட்டார். அக்கா ஒரு நாள் வேலைக்கு விடுப்பு எடுத்து, நல்ல சேலை உடுத்து, வீட்டுக்கடன் கேட்டு வங்கிக்குப் போனார்.

வங்கியில் இருந்த பிள்ளை திரையைப் பார்த்தது. அக்காவைப் பார்த்தது. மறுபடி திரையைப் பார்த்தது.

"சின்யோரா, உங்கள் பேரில் ஏற்கனவே ஒரு கடன் இருக்கிறது. படிவத்தில் நீங்கள் அதை எழுதவில்லை. முதல் தவணையும் கட்டப்படவில்லை."

பதினேழு வருடத்தில் ஒரு கடைக்கும் ஒரு சதம் பாக்கி வைக்காத மனிசி! அவருக்கு எப்படி இருந்திருக்கும்? வெட்கமா? கோபமா? அக்கா என்னிடம் சொன்னது இதுதான்: "அண்ணை, அந்தப் பிள்ளை என்னைப் பாத்த பார்வையிலை, நான்தான் மறந்துபோய் எங்கையோ கடன் எடுத்திட்டனோ எண்டு எனக்கே என்னிலை சந்தேகம் வந்திட்டுது."

ஒரு நேர்மையான மனிசியைத் தன்மேலேயே சந்தேகப்பட வைத்த அந்தக் கடன் எங்கிருந்து வந்தது? அக்காவின் பழைய அட்டை காலாவதியாகியிருந்தது. அதனால்தான் தவணை போய்ச் சேரவில்லை. நினைவூட்டல் எல்லாம் அவர் திறந்தே பார்க்காத மின்னஞ்சலுக்குப் போயிருந்தது. அதிலும் கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் இருந்தது, நான்கில் ஒரு பங்குத் தொகை இருந்தது. எந்தக் கடை, என்ன பொருள், ஒன்றும் இல்லை. தொலைபேசி எடுத்தால் இயந்திரம் கதைத்தது. ஒன்று மட்டும் தெரிந்தது: அக்காவின் விபரங்கள் பதிந்திருந்தது மன்றத்துக் கணினியில் மட்டும், ஆகவே வாங்கியதும் அதிலிருந்துதான்.

உடனே நான் நிர்வாகசபையைக் கூட்டினேன். இருபத்திரண்டு பேர் வட்டமாக இருந்தோம். அந்த வட்டத்தில்தான், அன்பர்களே, நான் அந்தப் பிழையைச் செய்தேன்.

மன்றத்து அறையின் சாவி அப்போது ஸ்ரனிஸ்லாஸிடம் இருந்தது. மன்னாரிலிருந்து வந்தவர். மொண்டெல்லோவில் ஒரு உணவகத்துச் சமையலறையில் வேலை. ஒருவரும் கேளாமலேயே ஒவ்வொரு ஞாயிறும் அந்த அறையைக் கூட்டித் துடைத்தவர். தொழில் பயிற்சிக்குப் படிவம் போடுவதற்காக அந்தக் கடன் எடுக்கப்பட்ட மாதம் முழுவதும் கணினியில் அதிகம் இருந்தவரும் அவர்தான். இருபத்திரண்டு பேருக்கு முன்னால் நான் கேட்டேன்:

"ஸ்ரனிஸ்லாஸ், சாவி உங்களிட்டைத்தானே இருந்தது?"

அவ்வளவுதான். "நீ எடுத்தாய்" என்று நான் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. இருபத்தொரு தலை ஒன்றாக அவர் பக்கம் திரும்பின.

அவர் ஒன்றும் கதைக்கவில்லை. சாவியை எடுத்து மேசையில் வைத்தார். கதிரையைச் சத்தமில்லாமல் பின்னால் தள்ளிவிட்டு எழும்பிப் போனார். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? "குற்றமில்லாதவன் என்றால் வாய் திறந்திருப்பானே" என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல் வீட்டில் சொன்னேன். கடையில் சொன்னேன். பஸ்ஸில் சொன்னேன். மூன்று வாரம் அந்த மனிதர் மன்றத்துப் பக்கம் வரவில்லை. தேவாலயத்தில் பூசைக்குப் போனாலும் கடைசி வாங்கில் இருந்துவிட்டு முதல் ஆளாக வெளியே போனாராம்.

ஓம், தலைவர் ஐயா, நேரம் தெரியும். மணி அடிக்கிறதெண்டால் அடியுங்கோ. முடிக்காமல் இறங்கமாட்டன்.

பிறகு ஒருநாள் எங்கள் பொருளாளர் லூர்து என்னிடம் வந்தார். கையில் அவருடைய கணக்குக் கொப்பி.

"செயலாளர், விழாவுக்கெண்டு ஒலிபெருக்கி வாங்கினீங்கள் எல்லோ?"

"ஓம், வாங்கினன். வீட்டிலை கிடக்குது."

"எந்தக் காசிலை?"

"மன்றத்து அட்டையிலைதான். ஏன்?"

"மன்றத்துக் காசு குறையவே இல்லையே!"

சிரிப்பு வருகிறதா? எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. "இலவசமாத் தந்திட்டாங்களோ?" என்று பகிடி விட்டேன். லூர்து சிரிக்கவில்லை. ஒலிபெருக்கியின் விலையை எழுதினார். நான்கால் பிரித்தார். அம்பிகை அக்காவின் நினைவூட்டலில் இருந்த தொகைக்குப் பக்கத்தில் வைத்தார்.

ஒரே தொகை! சதத்துக்குச் சதம் ஒரே தொகை!

அன்பர்களே, ஒலிபெருக்கி வாங்கிய அன்று மன்றத்துக் கணினியில் நடந்தது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. நான் அவசரத்தில் இருந்தேன். மன்றத்து அட்டை இலக்கத்தை அடிக்கப் போகிறேன், நடுவில் ஒரு பெட்டி எழும்பி நிற்கிறது. இத்தாலியனில் நாலு வரி. கீழே பெரிய நீலப் பொத்தான்: "கொந்தினுவா", தொடரவும். அதை மூடும் குறியோ தூசி போல ஒரு மூலையில். நான் வாசித்தேனா? இல்லை. தொடரத்தானே வேண்டும் என்று அழுத்தினேன். "நன்றி" என்று வந்தது. காரியம் முடிந்தது என்று எழும்பிப் போனேன். அந்த உலாவிக்குள் திறந்து கிடந்ததோ அம்பிகை அக்காவின் கணக்கு. பழகிய வாடிக்கையாளர்தானே என்று அது வேறு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஒரு தட்டு! ஒரே ஒரு தட்டு! அக்கா காணாத பொருளுக்கு, அக்கா கேளாத கடன், அக்காவின் பேரில்!

இதோ, இப்போது என் குரலை உங்கள் காதுக்குக் கொண்டுவருகிற இந்தக் கறுப்புப் பெட்டிதான் அந்தப் பொருள். அன்று அழுத்திய விரல், இந்த விரல்தான்.

இப்போது தட்ட மனம் வரவில்லை, இல்லையா? நல்லது. அன்று எனக்கும் லூர்துவின் கொப்பியைப் பார்க்க மனம் வரவில்லை.

முதலில் அம்பிகை அக்காவிடம் போனேன். அவர் வேலை செய்யும் வீட்டு வாசலிலே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கையிலிருந்த துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"அண்ணை, என்ரை பிரச்சினை ஒரு கடிதத்தோடை முடியும். ஸ்ரனிஸ்லாஸுக்கு என்ன சொல்லப்போறியள்?"

அன்று பின்னேரமே மொண்டெல்லோவுக்குப் போனேன். மத்தியானக் கூட்டம் போய், இரவுக் கூட்டம் வர முன்னம் இருக்கும் நேரம். பின்கதவடியில், கவிழ்த்து வைத்த வாளியில் இருந்து, ஸ்ரனிஸ்லாஸ் சிப்பி கழுவிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடியும் வரைக்கும் அவர் கை நிற்கவில்லை. சொல்லி முடிந்தது. "தம்பி, மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன். அப்போதுதான் தண்ணீரை நிறுத்தினார்.

"அண்ணை, என்னைச் சந்தேகப்பட்டது எங்கை வைச்சு?"

"கூட்டத்திலை."

"அப்ப மன்னிப்பை ஏன் பின்கதவிலை கொண்டு வாறியள்?"

அவர் கேட்டது சரி. இருபத்தைந்து வருடமாக மேடையில் பேசுகிறேன். நாவன்மை என்று பொன்னாடை போர்த்தியிருக்கிறீர்கள். அந்த மேடையை விட்டுவிட்டு, மன்னிப்பை மட்டும் பின்கதவுக்குக் கொண்டு போயிருந்தேன்.

"அண்டைக்கு ஏன் ஒண்டும் சொல்லேல்லை?" என்று மட்டும் கேட்டேன்.

"எல்லாரும் திரும்பிப் பாத்தீங்கள். ஒராள் எண்டாலும் 'அவன் அப்படிச் செய்யமாட்டான்' எண்டு சொல்லும் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். ஒருத்தரும் சொல்லேல்லை. பிறகு நான் என்னத்தைச் சொல்ல?"

தோழர்களே! அந்த உலாவியை நான் ஏசினேன். கைத்தவறுதலைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டதே என்று ஏசினேன். நான் செய்தது என்ன? ஒரு மனிதனின் அமைதியைக் குற்றம் என்று எழுதிக்கொண்டேன்! அது இயந்திரம். நான்?

நான் எழும்பி நடக்க வெளிக்கிட, பின்னாலிருந்து அவர் கூப்பிட்டார். "அண்ணை, நிண்டு கேளுங்கோ. அந்தப் பெட்டி உங்களுக்கு மட்டுமோ வரும்? நாளைக்கு வேறை ஆரும் அழுத்துவினம். அதுக்கு என்ன செய்யப்போறியள்? எழுதுங்கோ. பேச்சு எழுதத் தெரிஞ்ச உங்களுக்கு ஒரு முறைப்பாடு எழுதத் தெரியாதோ?"

அவமானப்பட்ட மனிதர், அவமானப்படுத்தியவனுக்கு வேலை தந்து அனுப்பினார்!

எழுதினோம். வழக்கறிஞர் அலுவலகத்தில் பயிற்சி பெறும் எங்கள் ஆரணி, அந்த உலாவிக்காரரின் பாவனையாளர் கருத்துப் பக்கத்தைத் திறந்தார். திறந்தால், நாங்கள் தனி ஆட்கள் அல்ல! ஆயிரக்கணக்கான பேர் எங்களுக்கு முன்னமே எழுதியிருக்கிறார்கள். "எனக்கு ஒரு சாளரம் வேண்டியிருந்தது, வட்டிக்கடை அல்ல" என்று ஒருவர். "செத்துப்போன என் மனைவியின் பேரில் கடன் வாங்கச் சொல்லிக் கேட்கிறது" என்று ஒரு முதியவர். கண் தெரியாத ஒரு பெண் எழுதியிருந்தார்: அவருக்குத் திரையை வாசித்துக் காட்டும் கருவி, அந்தப் பொத்தானை வெறும் "தொடரவும்" என்றுதான் வாசித்ததாம். எந்த நாட்டுக்காரரோ, என்ன மொழிக்காரரோ! ஆனால் ஆரணி ஒவ்வொன்றாய் வாசித்து மொழிபெயர்க்க, அம்பிகை அக்கா தலையாட்டித் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் சொன்னார்: "அப்ப நான் ஒண்டும் தெரியாத மோடி இல்லை."

இல்லை அக்கா. நீங்கள் மோடி இல்லை. ஒருநாளும் இல்லை!

ஒரு ஞாயிறு மன்றத்து அறையில் நாற்பத்தொரு பேர் கூடினோம். உலாவிக்காரருக்கு ஆரணி இத்தாலியனில் எழுதினார், எல்லோரும் கையொப்பம் வைத்தோம். அக்காவின் வசனத்தை மட்டும் தமிழிலேயே விட்டு, கீழே மொழிபெயர்ப்புப் போட்டோம். அக்கா எழுதியது இதுதான்: "என் பேரில் ஒரு கடன் இருப்பது எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றுக்கு நான் ஓம் என்று சொல்லியிருக்க முடியாது."

இரண்டே வசனம்! என் பதினொரு பக்கமும் அதற்கு ஈடாகுமா? அதனால்தான் அவை வீட்டில் கிடக்கின்றன.

அதே கடிதம் கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் போனது, வங்கிக்கும் போனது. நான்தான் அழுத்தினேன் என்று கையொப்பம் வைத்து ஒரு வாக்குமூலமும் கூடப் போனது. ஒலிபெருக்கிக்கு உரிய காசை மன்றம் கட்டியது. மாதக் கடைசி நெருங்கியது. பதில் இல்லை. ஒரேத்தோ வீட்டுக்கார அம்மாவிடம் அக்கா போய் உள்ளதை உள்ளபடி சொன்னார். அந்த அம்மா என்ன சொன்னார் தெரியுமா? "எனக்கும் அந்தப் பெட்டி வந்தது. பயத்தில் கணினியையே அணைத்துவிட்டேன். இன்னும் ஒரு மாதம் பொறுக்கிறேன், மகளே." அதன்பின் ஒன்பது நாளில் கடன் கொடுத்த நிறுவனத்தின் பதில் வந்தது: கடன் ஒப்பந்தம் செல்லாது, பதிவு நீக்கப்பட்டது. வங்கியும் ஓம் என்றது; போன மாதம் அக்கா வீட்டுக்குக் கையொப்பம் வைத்துவிட்டார். அந்தப் பல்கனியில் இப்போது காய்வது அவருடைய சொந்த உடுப்பு!

இப்ப தட்டுங்கோ! இது தட்ட வேண்டிய இடம்!

இன்னுமொரு செய்தி. அந்த உலாவிக்காரர் அறிவித்துவிட்டார்கள்: இனிமேல் தவணைப் பெட்டி தானாக வராது. வேண்டியவர் தாங்களே தேடித் திறந்தால் மட்டும் வரும். எங்கள் நாற்பத்தொரு கையொப்பத்தால்தான் என்று புளுகமாட்டேன். உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் எழுதிய அத்தனை பேருடைய குரலால் அது நடந்தது. ஆனால் அந்தக் குரலில் ஒரு வரி தமிழில் இருந்தது. பலெர்மோவிலிருந்து போயிருந்தது.

தவணை பாவமா? இல்லை. இந்த மண்டபத்தில் தவணையில் ஒரு குளிர்ப்பெட்டி வாங்காத வீடு உண்டா? தேவைப்பட்டால் கேட்டு வாங்குவோம், கணக்குப் பார்த்துக் கட்டுவோம். ஆனால் கேளாதவன் கையில் ஏன் கடனைத் திணிக்க வேண்டும்? வாசியாதவனை ஏன் வலைக்குள் விழுத்த வேண்டும்? கஸ்தூரா என்ற பொலிஸ் அலுவலகத்தில் கையொப்பம் வை என்றார்கள், வைத்தோம். வேலையில் குனி என்றார்கள், குனிந்தோம். காத்திரு என்றார்கள், வருடக்கணக்காகக் காத்திருந்தோம். ஓம், ஓம், ஓம் என்றே பழகிய எங்கள் வாய்க்கு இன்னொரு சொல்லும் தெரியும். வேண்டாம்! தெரியாத கடன் வேண்டாம்! கேளாத உதவி வேண்டாம்! விசாரியாத பழி வேண்டாம்! ஓம் என்பது எங்கள் சொல் என்றால், வேண்டாம் என்பதும் எங்கள் சொல்தான். ஒருவர் சொன்னால் அது முணுமுணுப்பு. நாற்பத்தொரு பேர் சொன்னால் அது கடிதம். ஆயிரமாயிரம் பேர் சொன்னால், உலாவிக்காரர் தாங்கள் எழுதி வைத்ததையே அழித்து எழுத வேண்டி வரும். அது நடந்துவிட்டது. நம் கண் முன்னே நடந்துவிட்டது. அதனால் இனி நடக்கும் என்றும் நம்புகிறேன்.

இப்போது நான் வந்த காரியம்.

ஸ்ரனிஸ்லாஸ் தம்பி, பின்னால், தூணுக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள். தெரிகிறது. இருபத்திரண்டு பேருக்கு முன்னால் உங்கள் பெயரைக் கெடுத்தேன். இருநூறு பேருக்கு முன்னால் சொல்கிறேன்: நீங்கள் ஒரு பிழையும் செய்யவில்லை. பிழை செய்தவன் நான். அன்று உங்களுக்காக ஒருவரும் வாய் திறக்கவில்லை என்றீர்கள். முதலில் திறந்திருக்க வேண்டியது என் வாய். தம்பி, என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.

என்ன? என்னவாம்? சத்தம் போடாமல் இருங்கோ, அவர் ஏதோ சொல்றார்.

பின்னால கேக்கேல்லையாம். திருப்பிச் சொல்லட்டாம்!

சிரியுங்கோ, எல்லாரும் நல்லாச் சிரியுங்கோ. அவரும் சிரிக்கிறார். நாலு மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பை நான் இண்டைக்குத்தான் பாக்கிறன். நூறு தரம் எண்டாலும் திருப்பிச் சொல்லுவன்.

மன்னிச்சுக்கொள்ளுங்கோ, தம்பி!

கேட்டதாம். கையைத் தூக்கிக் காட்டுகிறார்.

பொறுமையோடு கேட்ட பெரியோருக்கும், என்னோடு சேர்ந்து எழுதிய நாற்பது பேருக்கும், எங்களுக்கு முன்னமே எழுதியிருந்த முகம் தெரியாத ஆயிரம் பேருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. நான் கீழே இறங்கி, நேரே தூணடிக்குப் போறன். வழி விடுங்கோ. எல்லோருக்கும் வணக்கம்.